லேப் ரிப்போர்ட்டில் மார்க் குறைவது ஏன்?

கேள்வி: அமெரிக்க ஹைஸ்கூலில் மகள் ஹானர்ஸ் (உயர்நிலை) பிசிக்ஸ் எடுத்திருக்கிறாள். வீட்டுப்பாடத்தில் குறையில்லை, லேப் ரிப்போர்ட்டில்தான் மார்க் போகிறது. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 12 என்று வந்திருக்கிறது. எங்கே தப்பு?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: 12 என்றாலே எண்ணிக்கையின் மேல்தான் சந்தேகம். ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே ‘ஒன்று’ என்று ஆரம்பித்தால், பத்தாவது எண்ணில் ஒன்பது அலைவுதான் (ஒருமுறை போய்த் திரும்புவது ஓர் அலைவு) முடிந்திருக்கும். அலைவு நேரம் 10 சதவீதம் குறையும். கணக்கில் அதன் வர்க்கத்தால் வகுப்பதால் 9.8 என்ற சரியான விடை 12.1 ஆகிவிடும். ‘பூஜ்யம்’ என்று தொடங்கச் சொல்லுங்கள். குண்டு நடுவைக் கடக்கும்போது எண்ண வேண்டும், ஓரத்தில் அல்ல. கோணம் 10 டிகிரிக்குள் இருக்கட்டும்.

ஒரே நீளத்தில் அளந்து விடை சொல்வது ஹானர்ஸுக்குப் போதாது. 40 முதல் 120 செ.மீ. வரை ஐந்து நீளங்களாவது எடுத்து, நீளத்துக்கு எதிராக அலைவு நேரத்தின் வர்க்கத்தை வரைய வேண்டும். மீட்டர், வினாடியில் சாய்வு 4.03-ஐ ஒட்டி வரும். கோடு செங்குத்து அச்சை ஆதிப்புள்ளிக்குச் சற்று மேலே வெட்டுகிறதா? குண்டின் ஆரத்தை விட்டு நூலை மட்டும் அளந்திருக்கிறாள். சாய்வு மாறாது, விடை தப்பித்துவிடும். ஆனால் இந்தக் காரணத்தை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். ‘மனிதத் தவறு’ என்று பொதுவாக எழுதினால் ஆசிரியர் மார்க்கை வெட்டுவார். அது நியாயமும்கூட.