சேற்றுப்புண் என்றால் என்ன, வராமல் காப்பது எப்படி?

சேற்றுப்புண் என்பது கால்விரல் இடுக்கில், பெரும்பாலும் சுண்டுவிரலுக்கும் அதை அடுத்த விரலுக்கும் நடுவே, தோல் வெளுத்து ஊறி, அரிப்பெடுத்து வெடிக்கும் பூஞ்சைத் தொற்றாகும். பாம்பன், மண்டபம் கரைகளில் வலை இழுப்பவர்களும், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடல்பாசி எடுக்கும் பெண்களும் மணிக்கணக்கில் நீரில் நிற்பதால், தோலின் மேலடுக்கு ஊறித் தளர்ந்து, பூஞ்சை எளிதில் பற்றிக்கொள்கிறது. சரியாகக் காயாத கருவாட்டை மூட்டை கட்டினால் சில நாளில் பூசணம் பூத்துவிடும். ஈரக் காலை மூடிய காலணிக்குள் வைப்பதும் அதைப் போன்றதே.

ஆகவே, கரையேறியதும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, பழைய பருத்தித் துணியால் இடுக்கின் ஈரத்தை ஒற்றி எடுப்பதே எந்தக் களிம்பையும்விட முதன்மையான காப்பு என்பேன். குடிநீரை விலைக்கு வாங்கும் வீட்டில் ஒரு செம்பு நீரும் அருமைதான்; என்றாலும் அந்த ஒரு செம்பைக் காலுக்கு ஒதுக்குங்கள். ஒருவர் துண்டை மற்றவர் பயன்படுத்த வேண்டாம். கவனிக்காமல் விட்டால் தொற்று நகத்துக்கும் பரவி, நகம் மஞ்சளித்துத் தடிக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் வெடிப்பைக் கண்டதுமே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பெயரை வைத்துச் சேறுதான் இதற்குக் காரணம் எனப் பலர் எண்ணுகின்றனர். சேற்றையே மிதிக்காதவருக்கும், ஈரக் காலுறையோடு நாள் முழுவதும் இருந்தால் இது வரும்.