அரசிலை நரம்பில் அர்ஹத்துகள்

கேள்வி: சிங் (Qing) வம்சக் காலத்தில் சீனர்கள் அரசிலையின் நரம்பு வலைமேல் அர்ஹத்துகளை, அதாவது ஞானம் பெற்ற பௌத்தத் துறவிகளை, வரைந்தார்கள் என்று படித்து, நானும் முயன்றேன். ஊறவைத்த இலை தேய்க்கும்போதே கிழிகிறது. தவறு எங்கே?

பதில்: பெரும்பாலும் அவசரம்தான். சதையை நீக்குவது தண்ணீரில் வளரும் நுண்ணுயிர்கள். 10 நாளில் தேய்த்தால் பாதி அழுகிய சதை நரம்பையும் பிய்த்துக்கொண்டு வரும். பூச்சி அரிக்காத, முற்றிய கரும்பச்சை இலையைக் காம்போடு பறித்து, மூழ்கும்படி 3, 4 வாரம் ஊறவையுங்கள். நாற்றத்துக்குப் பயந்து தண்ணீரை முழுக்க மாற்றிவிடாதீர்கள், பாதி மாற்றினால் போதும். விரலால் அழுத்தினால் மேல்தோல் வழுக்கி நகர வேண்டும்; அதுதான் பதம்.

இலையைக் கண்ணாடித் தட்டில் கிடத்தி, மென்மையான பல்துலக்கியால் நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டித் தட்டி எடுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் வால் போன்ற நுனிதான் முதலில் போகும், அரசிலைக்கு அழகே அந்த நுனி. கையால் தூக்காமல், தண்ணீருக்குள் பிளாஸ்டிக் தாளை அடியில் நுழைத்து எடுங்கள்.

லிட்டருக்கு 50 கிராம் சலவை சோடா போட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவைப்பது குறுக்குவழி. கையுறை கட்டாயம், அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். சற்றுக் கூடுதலாகக் கொதித்தாலும் நுண் நரம்புகள் கரைவதால், ஊறவைப்பதையே சிபாரிசு செய்வோம்.

கேள்வி: மை நரம்பு வழியே ஓடுகிறது. படிகாரம் பூசினால் வெள்ளையாகப் பூக்கிறது.

பதில்: படிகாரம் கூடிவிட்டது. மை ஓடாமலிருக்கப் படிகாரத்தைப் பசையோடு கலந்து பூச வேண்டும். கோடையில் 7 பங்கு பசைக்கு 3 பங்கு படிகாரம், குளிரில் 10க்கு 3 என்பது சீன ஓவியர்களின் பழைய கணக்கு. பசைக்கு 7 கிராம் ஜெலட்டினை அரை லிட்டர் குளிர்ந்த நீரில் அரை மணி ஊறவைத்து, கொதிக்கவிடாமல் சூடாக்கிக் கரையுங்கள். கொதித்தால் பசையின் பிடிப்பு குறையும். 3 கிராம் படிகாரத்தைத் தனியே கரைத்து, பசை வெதுவெதுப்பானதும் சேருங்கள். மெல்லிய பூச்சு 3, 4 முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. ஓரத்தில் விட்ட நீர்த்துளி முத்தாக நின்றால் வரையலாம்.

முதலில் ஒளி ஊடுருவாத கெட்டி வண்ணம், கடைசியில் மைக்கோடு. முகத்தை நடு நரம்பின்மேல் அமைக்காதீர்கள். அந்த மேட்டில் கோடு உடைந்து, மூக்கு இரண்டாகத் தெரியும்.