கதிரையில் இருந்தவரும் வாயிருந்தவர்களும்

கேள்வி: நம்மவரான சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி சுதந்திரத்துக்கு முந்திய இலங்கையின் சட்டமன்றமான அரசாங்க சபையில் 11 ஆண்டுகள் சபாநாயகராக இருந்தும் தமிழருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. 1947 தேர்தலில் ஊர்காவற்றுறை மக்கள் அவரைத் தோற்கடித்தது நியாயம்தானே?
- வாசகர் ஒருவர், வேலணை

பதில்: தோற்கடித்தது மக்களின் உரிமை. நீங்கள் சொல்லும் காரணம்தான் பிழை.

சபாநாயகர் கதிரை வாயைக் கட்டிப்போடும் கதிரை. விவாதத்தில் அவர் பேச முடியாது. வாக்குகள் சமமாகப் பிரிந்தாலன்றி வாக்களிக்கவும் முடியாது. சபைப் பேச்சுகளின் பதிவான பழைய ஹன்சாட்டைப் புரட்டிப் பாருங்கள். உறுப்பினர்களின் பேச்சு பக்கம் பக்கமாக ஓடும். சபாநாயகரின் பெயருக்கு நேரே ஒரு வரி, அரை வரி. அடுத்து யார் பேசுவது, எது ஒழுங்குக்கு மாறானது, அவ்வளவுதான். 1944இல் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் ஜே.ஆர். ஜயவர்த்தனாவின் பிரேரணை வந்தபோது, தமிழையும் சேர்க்கும்படி திருத்தம் கொண்டுவந்தவர் வி. நல்லையா. அவருக்கு வாய் இருந்தது. துரைசுவாமிக்கு அது இல்லை.

1945 நவம்பரில் புதிய அரசியலமைப்புக்கான சோல்பரித் திட்டத்தைச் சபை 51க்கு 3 என்று ஏற்றுக்கொண்டது. அன்று சபையில் இருந்த இலங்கைத் தமிழ் உறுப்பினர்கள் ஆதரித்தே வாக்களித்தார்கள். பேசவும் வாக்களிக்கவும் உரிமை இருந்தவர்களை விட்டுவிட்டு, இரண்டும் இல்லாதவரைக் கேட்பது என்ன நீதி?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அரசாங்க சபைக்கு முன்பிருந்த சட்டநிரூபண சபையிலேயே, 1921இல் தெரிவாகி, வடக்குக்காக இருந்த அனுபவசாலி அவர். 1936 மார்ச்சில் அவரைக் கதிரையில் இருத்திவிட்டு, அதன்பின் தெரிவான மந்திரிகள் ஏழு பேரும் சிங்களவர். மந்திரிகளைத் தெரிவுசெய்தவை நிர்வாகக் குழுக்கள்; உறுப்பினர்கள் ஏதோ ஒரு குழுவில் இருந்தார்கள். சபாநாயகருக்கு அந்த இடமும் கிடையாது. அந்தக் கதிரையை அவர் ஏற்றிருக்கவே கூடாது என்பதுதான் என் எண்ணம். பெருமை கிடைத்தது, உண்மைதான். அவருக்குப் பின் இன்றுவரை எந்தத் தமிழரும் அதில் அமரவில்லை. ஆனால் அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவர்கள் அவருடைய ஊர்காவற்றுறைத் தொகுதியின் தீவக மக்கள்.

1941இல் வந்திருக்க வேண்டிய தேர்தல் உலகப் போரால் தள்ளிப்போனது. தங்கள் குறையைச் சபையில் எழுந்து நின்று சொல்ல ஆளில்லாமல் அவர்கள் 11 ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1947இல் ஏ.எல். தம்பிஐயாவுக்கு வாக்களித்ததற்கு அது ஒன்றே போதிய காரணம். துரைசுவாமியைத் துரோகி என்று சொல்ல அது காரணமே அல்ல.