எண்ணெய், கிரீம், கண்மை: இணையத்தில் விற்கும் முன் (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை போட்டு வீட்டிலேயே காய்ச்சி, 200 மில்லி பாட்டிலில் அடைத்து டிக்டாக், வாட்ஸ்அப் வழியாக விற்கிறேன். மாதம் 30, 40 பாட்டில்தான் போகும். இதற்குமா பதிவு வேண்டும்?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: வேண்டும். சிறு வியாபாரம் என்பதற்காக விலக்கு எதுவும் கிடையாது. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் அழகுசாதனப் பொருள்தான். 1984ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிமுறைகளின்படி, அது விற்பனைக்கு வரும் முன்பே மலேசிய சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வுக்கு நோட்டிஃபிகேஷன் (பொருளைப் பற்றிய முன்னறிவிப்பு) கொடுத்திருக்க வேண்டும். ஷாப்பி, டிக்டாக், பாசார் மாலாம் (இரவுச் சந்தை) எங்கே விற்றாலும் சட்டம் ஒன்றே.

முதலில் நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் வியாபாரத்தைப் பதியுங்கள். தொழில் விவரம் எழுதும் இடத்தில் அழகுசாதன வியாபாரம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பிறகு திருத்த அலைய வேண்டியிருக்காது. அடுத்து, என்.பி.ஆர்.ஏ.வின் க்வெஸ்ட் 3 பிளஸ் தளத்தில் கணக்கு திறந்து, பொருளின் பெயர், பயன், தயாரிப்பாளர், மூலப்பொருள் பட்டியல் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் கட்டணம் 50 வெள்ளி (ரிங்கிட்). மல்லிகை வாசனையில் ஒன்று, வாசனை சேர்க்காமல் ஒன்று என்றால் இரண்டு கட்டணம். கிடைக்கும் எண் அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்குச் செல்லும். அது முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும்.

படிவம் நிரப்புவது பெரிய வேலை இல்லை. எல்லாரும் தடுக்கி விழுவது 'தயாரிப்பாளர்' என்ற கட்டத்தில்தான். தயாரிக்கும் இடம் ஆசியான் அழகுசாதன ஜி.எம்.பி. (நல்ல தயாரிப்பு முறை) விதிகளுக்கு ஒத்துப்போக வேண்டும். அதாவது தனி இடம், சுத்தம் செய்ததற்கான பதிவேடு, வாங்கிய ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் லாட் எண், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒரு பேட்ச் பதிவு. காலையில் சாம்பார் கொதித்த அடுப்பு இதில் தேறாது.

இதை வெறும் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். சுத்தமான எண்ணெயில் கிருமி லேசில் வளராது. ஆனால் பச்சை இலையைப் போட்டுக் காய்ச்சும்போது ஈரம் முழுக்கப் போகாமல் அடியில் தங்கும். அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். எண்ணெயும் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வைட்டமின் ஈ சேர்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான், கிருமியைக் கொல்லாது. ஆசியான் வரம்பில் ஒரு கிராமுக்கு 1000 நுண்ணுயிர்த் தொகுதிக்கு மேல் இருக்கக் கூடாது. 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கண் பகுதிக்கும் ஆன பொருள் என்றால் 500. சூடோமோனாஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கேண்டிடா என்ற கிருமிகள் மூன்றும் சோதனையில் தென்படவே கூடாது.

உங்களைப் போன்றவர்களுக்குச் சரிப்பட்டு வரும் வழி, ஜி.எம்.பி. உள்ள ஓ.இ.எம். (பிறர் பெயரில் செய்து தரும்) தொழிற்சாலையிடம் உங்கள் கைப்பக்குவத்தைக் கொடுத்துச் செய்து வாங்குவதுதான். இலையைக் காயவைத்துப் போட்டால் ஒவ்வொரு பேட்ச்சும் ஒரே மாதிரி வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் நோட்டிஃபிகேஷன் யார் பெயரில் இருக்கும் என்று கேளுங்கள். அவர்கள் பெயரில் எடுத்திருந்தால், நாளைக்கு நீங்கள் தொழிற்சாலையை மாற்றும்போது எண் உங்களோடு வராது. அதைவிட முக்கியம், பி.ஐ.எஃப். என்ற பொருள் தகவல் கோப்பு. நிறுவன, பொருள் விவரம், மூலப்பொருள் தரம், முடிந்த பொருளின் தரம், பாதுகாப்பும் பலனும் என நான்கு பகுதி. நோட்டிஃபிகேஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையில் இந்தக் கோப்பு இருக்க வேண்டும். அதிகாரிகள் கேட்கும்போது எடுத்துக் காட்ட வேண்டும். பாதுகாப்பு மதிப்பீட்டில் மருந்தியல், நச்சியல், தோல் மருத்துவம் போன்ற துறையில் தகுதி பெற்றவர் கையெழுத்திட வேண்டும். எண் கிடைத்த சந்தோஷத்தில் பலர் இந்தக் கோப்பை மறந்தே போகிறார்கள்.

கேள்வி: என் ஹேர் ஆயிலுக்கு எண் இருக்கிறது. ஆனாலும் 'முடி உதிர்வை நிறுத்தும், 30 நாளில் புது முடி' என்ற விளம்பரத்தை எடுக்கச் சொல்லி எச்சரிக்கை வந்தது. எல்லா எண்ணெய்க்காரர்களும் இப்படித்தானே எழுதுகிறார்கள்?
(வாசகர், செந்தூல்)

பதில்: எழுதுகிறார்கள், மாட்டுகிறார்கள். முடி உதிர்வை நிறுத்தும், முடியை வளர்க்கும், பொடுகை நிரந்தரமாக ஒழிக்கும் என்பவை மூன்றும் ஆசியான் வழிகாட்டியில் அழகுசாதனம் சொல்லக்கூடாத வாசகங்கள். உடலின் இயக்கத்தையே மாற்றுவதாகச் சொன்னால் அது மருந்தின் வேலை. மருந்து என்றால் எம்.ஏ.எல். (MAL) என்ற மருந்துப் பதிவு எண் வேண்டும், மூலிகை வழி என்றால் அந்த எண்ணின் கடைசி எழுத்து டி (T). அது வேறு பாதை, வேறு செலவு.

உங்கள் வரியையே எடுத்துக்கொள்வோம். 'முடி உதிர்வை நிறுத்தும்' என்பதை 'சீப்பில் முடி அறுந்து வருவதைக் குறைக்க உதவும்' என்று மாற்றலாம், அதற்கான சோதனைத் தாள் பி.ஐ.எஃப்.பில் இருந்தால். '30 நாளில் புது முடி' போகவேண்டியதுதான். அதைத் திருத்திக் காப்பாற்ற வழியில்லை. 'முடிக்குப் பளபளப்பு தரும், வறட்சியைப் போக்கும், சிக்கெடுக்க எளிது' இவற்றைத் தாராளமாகச் சொல்லலாம். முகக் கிரீம் விற்பவர்களுக்கும் இதே கதைதான்: 'பருவைக் குணப்படுத்தும்', 'தழும்பை நீக்கும்' கூடாது.

வாடிக்கையாளரின் 'எனக்குச் சொட்டை மறைந்தது' என்ற குரல் பதிவை நீங்கள் பகிர்ந்தால் அதுவும் உங்கள் விளம்பரம்தான். லைவில் வாய் தவறிச் சொன்னதும் அப்படியே. 'லுலுஸ் கே.கே.எம்.' (சுகாதார அமைச்சு அங்கீகரித்தது) என்று போடுவதையும் விட்டுவிடுங்கள். அமைச்சு உங்கள் எண்ணெயைச் சோதித்து அங்கீகரிக்கவில்லை. நீங்கள் அறிவித்தீர்கள், பொறுப்பு உங்களுடையது.

கேள்வி: சென்னையிலிருந்து கண்மை, மருதாணி கோன், ஃபேஸ் கிரீம் கொண்டுவந்து ஆன்லைனில் விற்க ஆசை. அங்கே லைசென்ஸ் உள்ள பொருள்கள்தான்.
(வாசகி, ஜார்ஜ்டவுன்)

பதில்: இந்திய லைசென்ஸ் இங்கே செல்லாது. தயாரிப்பாளரிடம் அதிகாரக் கடிதம் வாங்கி, மூலப்பொருள் விவரத்தோடு உங்கள் நிறுவனத்தின் பெயரில் நோட்டிஃபிகேஷன் எடுக்க வேண்டும். மொத்தக் கடையில் பில் போட்டு வாங்கிய சரக்குக்கு அந்தக் கடிதம் கிடைக்காது. திட்டம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

கண்மையில் ஈயத்தைக் கவனியுங்கள். பழைய பாணி சுர்மா கல்லின் அடிப்படையே ஈய சல்ஃபைடு. ஈயத்துக்கு வரம்பு 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு). ஆர்சனிக்கும் காட்மியமும் தலா 5, பாதரசம் 1. 'பத்தே நிமிடத்தில் கறுப்பு' என்று வரும் மருதாணி கோனைத் தொடவே வேண்டாம். மருதாணி இலை செம்பழுப்பாகத்தான் சிவக்கும். அந்தக் கறுப்பு பெரும்பாலும் பி.பி.டி. என்ற முடிச்சாயப் பொருள். அதைத் தோலில் பூசும் பொருளில் சேர்க்க அனுமதி இல்லை. கை கொப்பளிக்கும், பிறகு ஆயுள் முழுக்க முடிச்சாயமே ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

கேள்வி: வெள்ளையாக்கும் கிரீமுக்கு ஏஜெண்டாகச் சேர அழைக்கிறார்கள். எண் இருக்கிறதாம். நம்பலாமா?
(மாணவி, கோலாலம்பூர்)

பதில்: நோட்டிஃபிகேஷன் எண் என்.ஓ.டி. (NOT) என்று தொடங்கி, 9 இலக்கம் வந்து, கே (K) என்று முடியும். முதல் நான்கு இலக்கம் ஆண்டும் மாதமும். என்.பி.ஆர்.ஏ. தளத்தில் அதைத் தட்டி, பெயரும் நிறுவனமும் டப்பாவில் உள்ளபடியே வருகிறதா என்று பாருங்கள். வேறு லோஷனின் எண்ணைக் கிரீம் டப்பாவில் அச்சடிப்பது பழைய வித்தை. எண் ரத்தாகியும் இருக்கலாம். பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் ஆகிய தடைசெய்த பொருள்கள் கண்டுபிடிக்கப்பட்டு ரத்தானவை நிறைய. மூன்றே நாளில் முகம் வெளுத்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவரின் தலையணை, துண்டு வழியாக வீட்டுக் குழந்தைக்கும் போகும்.

'நான் வெறும் ஏஜெண்ட்' என்பது சட்டத்தில் எடுபடாது. நோட்டிஃபிகேஷன் இல்லாததை விற்ற தனிநபருக்கு முதல் முறை 25,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். நிறுவனத்துக்கு 50,000 வெள்ளி வரை.

கேள்வி: 1 கிலோ கற்றாழை ஜெல் வாங்கி 50 கிராம் டப்பாக்களில் பிரித்து விற்கலாமா? ஒருவருக்கு அரிப்பு வந்தால்?
(வாசகர், பத்துமலை)

பதில்: பிரித்து அடைப்பதும் தயாரிப்புதான், ஜி.எம்.பி., நோட்டிஃபிகேஷன் இரண்டும் வேண்டும். ஜெல்லில் பெரும்பங்கு தண்ணீர். திறந்த டப்பா, சமையலறைக் கரண்டி, ஈரக் கை என்றால் பதனப்பொருள் தோற்றுவிடும். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதனப்பொருளுக்கு உச்சவரம்பு 1 விழுக்காடு. கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கவும் முடியாது.

டப்பாவில் பெயர், பயன், உபயோகிக்கும் முறை, முழு மூலப்பொருள் பட்டியல், தயாரித்த நாடு, உங்கள் நிறுவனப் பெயர், முகவரி, நிகர எடை, பேட்ச் எண், தேதி, எச்சரிக்கை எல்லாம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழ் கூடுதலாக இருக்கலாம். 30 மாதத்துக்குள் கெடும் பொருளுக்குக் காலாவதித் தேதி கட்டாயம். மாடு, பன்றி சார்ந்த பொருள் இருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும்.

அரிப்பு என்று யாராவது எழுதினால் பேட்ச் எண், தேதி, படம் வாங்கிப் பதிவு செய்து, அந்தப் பேட்ச்சை விற்காமல் நிறுத்துங்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனால் நோட்டிஃபிகேஷன் வைத்திருப்பவர் 15 நாளுக்குள் என்.பி.ஆர்.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். உயிருக்கே ஆபத்து என்றால் 7 நாள். எந்தப் பேட்ச் யாருக்குப் போனது என்ற பட்டியல் இல்லாவிட்டால் திரும்பப் பெறவே முடியாது. அதனால் ஆர்டர் எண்ணுக்குப் பக்கத்தில் பேட்ச் எண்ணையும் இன்றிலிருந்தே எழுதி வாருங்கள்.