செடித் தொட்டிக்கு மீன் கடைசியாகத்தான்

கேள்வி: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்கி, இயற்கையாகச் செடி வளர்த்து, சின்ன மீன்கள் கொஞ்சம் விட ஆசை. சென்னையில் மீன் தொட்டிக் கடைகள் நிறைந்த கொளத்தூர் போய் விசாரித்தேன். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் வடிகட்டி), கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், அக்வா சாயில் (நீர்ச்செடிக்கென்றே விற்கும் மண்), செடிக்கான ஸ்பெஷல் லைட், ஹீட்டர், பாக்டீரியா பாட்டில் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். தொட்டி விலையைப் போல ஐந்து மடங்கு வருகிறது. எதெல்லாம் உண்மையில் வேண்டும்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிடுங்கள். அதில் இருப்பவை போலிப் பொருட்கள் இல்லை. இரண்டே மாதத்தில் தொட்டி முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகச் செடி அடர்ந்து நிற்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அவை பயன்படும். நீங்கள் கேட்பது மெதுவாக வளரும் தொட்டி. அதற்கு மண், அளவான வெளிச்சம், நிறையச் செடி, ஆறு வாரப் பொறுமை போதும்.

பட்டியலிலிருந்து சிலிண்டரை முதலில் அடித்துவிடலாம். அடியில் போடும் மண்ணில் இருக்கும் மக்கு, சிதையச் சிதையக் கார்பன் டை ஆக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். மீனின் மூச்சிலும் வரும். வாலிஸ்நேரியா, கிரிப்டோகோரைன், ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்ற செடிகளுக்கு இது தாராளம். ஹீட்டர் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சரி. சென்னையில் நம் கஷ்டம் குளிர் இல்லை, சூடு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலாக ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 32 டிகிரியில் அது 7 சொச்சமாகிவிடும். இரவில் செடிகளும் சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால், கோடையில் விடியற்காலை நேரம்தான் மீனுக்கு ஆபத்து. ஹீட்டர் காசில் ஒரு சின்ன ஏர் பம்ப் வாங்கி, இரவில் மட்டும் ஓட விடுங்கள்.

லைட்டுக்கு 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண்) என்று எழுதிய சாதாரண வெள்ளை எல்.இ.டி. பட்டையே போதும். இந்த அளவுத் தொட்டிக்கு 10 முதல் 12 வாட். தினமும் 7 மணி நேரம் எரித்தால் மாதம் இரண்டரை யூனிட்தான் ஆகும். அதோடு ஒரு டைமர் பிளக் வாங்குங்கள். பாசி பிடிக்கிறது என்று எனக்கு எழுதுகிற பலரின் வீட்டில், லைட் காலையில் போட்டால் படுக்கப் போகும்போதுதான் அணைகிறது. டைமர் இருந்தால் அந்தத் தொல்லை பாதி குறையும்.

ஃபில்டர் சின்னதாக, ஸ்பாஞ்ச் வைத்தது ஒன்று போதும். 5 வாட் மோட்டார் இரவு பகலாக ஓடினாலும் மாதம் மூன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல். பெட்டியில் 'மணிக்கு 400 லிட்டர்' என்று போட்டிருப்பது, தண்ணீரை மேலே ஏற்றாமல், ஸ்பாஞ்சில் அழுக்கே இல்லாதபோது கிடைக்கும் அளவு. வீட்டில் அவ்வளவு வராது.

பாக்டீரியா பாட்டிலுக்குப் பதிலாக, ஏற்கனவே தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் கிருமிகள் அதில் ஏற்கனவே குடியிருக்கும். அம்மோனியாவைச் செடிகளும் நேரடியாக உறிஞ்சும். அதனால்தான் செடி முதலில், மீன் கடைசியில் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். முதல் நாளே தொட்டியின் தரையில் முக்கால் பாகம் செடி இருக்கட்டும். நாலிலிருந்து ஆறு வாரம் கழித்து மீன் விடலாம்.

மிச்சமாகும் பணத்தை ஸ்டாண்டில் போடுங்கள். உங்கள் தொட்டி சுமார் 54 லிட்டர். தண்ணீர் மட்டுமே 54 கிலோ. கண்ணாடி, மண், மணல் எல்லாம் சேர்ந்தால் 75 கிலோவைத் தாண்டும். பழைய டீப்பாய் மேல் வைக்கிற எடை இல்லை இது. அடியில் ஒரு தெர்மோகோல் ஷீட் போடுங்கள். மண் போடும் முன்பே தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க வையுங்கள். காய்ந்த டிஷ்யூ பேப்பரை நான்கு மூலையிலும் அடி விளிம்பிலும் ஒற்றிப் பாருங்கள். கசிவு கண்ணுக்குத் தெரியும் முன்பே பேப்பரில் தெரிந்துவிடும். பில் கையில் இருந்தால் அன்றே தொட்டியை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: அக்வா சாயில் விலை கட்டுப்படியாகவில்லை. மாடித் தோட்டத்துக்கு வாங்கிய மண்கலவையைத் தொட்டியில் போடலாமா? மேலே எம்-சாண்ட் போடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: மண்கலவை வேண்டாம். அதில் மாட்டுச் சாணம், வேப்பம் புண்ணாக்கு, சில சமயம் யூரியாவும் இருக்கும். தண்ணீருக்குள் போனதும் அம்மோனியா எக்கச்சக்கமாக ஏறிவிடும். தென்னை நார்க்கழிவு கலந்திருந்தால் அது மிதந்து தொந்தரவு செய்யும். உரம் போடாத இடத்துச் செம்மண்ணோ, தோட்ட மண்ணோ போதும். வேர், சருகு, கல் நீக்கிச் சலித்து, ஒரு வாளியில் நாலைந்து நாள் ஊறவிட்டு, மேலே மிதப்பதைக் கொட்டிவிடுங்கள். தொட்டியில் ஓர் அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள். அதை மூடி இன்னோர் அங்குலம் மணல்.

எம்-சாண்ட் என்பது உடைத்த கருங்கல். எத்தனை தடவை கழுவினாலும் அந்தச் சாம்பல் தூசி லேசில் போகாது. முனையும் கூராக இருக்கும், மண்ணைக் கிளறி மேயும் அயிரை போன்ற மீன்களுக்கு ஆகாது. யார் வீட்டிலாவது கட்டட வேலையில் மிஞ்சிய ஆற்று மணல் கிடந்தால் ஒரு வாளி கேட்டு வாங்குங்கள். கடையில் வாங்குவதானால் 2, 3 மில்லிமீட்டர் சரளை. எதை வாங்கினாலும் ஒரு கைப்பிடி எடுத்து அதன் மேல் வினிகர் சில சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்போ கிளிஞ்சலோ இருக்கிறது. அது கரையக் கரையத் தண்ணீரின் கடினத்தன்மை ஏறும். அழகுக்காக விற்கும் வெள்ளை மார்பிள் கற்களை இப்படிச் சோதித்துப் பாருங்கள், பெரும்பாலும் குமிழி கிளம்பும்.

தண்ணீர் ஊற்றும்போது மணல் மேல் ஒரு தட்டை வைத்து, தட்டின் மேல் மெதுவாக ஊற்றுங்கள். முதல் வாரம் தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் இருக்கும், முதல் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். பயப்பட வேண்டாம், பாதித் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் தெளிந்துவிடும். மாதம் ஒரு முறை ஈர்க்குச்சியால் மண்ணை அங்கங்கே குத்திப் பாருங்கள். மேலே வரும் குமிழியில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மண் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த இடத்தில் நன்றாக வேர் விடும் செடியாக ஒன்று நட்டால், வேர் வழியாக ஆக்சிஜன் இறங்கிச் சரியாகிவிடும்.

கேள்வி: ஆறு வகைச் செடி வாங்கினேன். இரண்டே வாரத்தில் மூன்று அழுகிவிட்டன. 'உங்கள் தண்ணீர் சரியில்லை, விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார் கடைக்காரர். அப்படிச் சொல்லலாமா?
– வாசகர், கோவை

பதில்: முதலில் அவை என்ன செடிகள் என்று பாருங்கள். கிரிப்டோகோரைனாக இருந்தால், இடம் மாறியதும் இலை முழுவதும் கரைந்து விழுவது அதன் சுபாவம். வேர் உயிரோடு இருக்கும். பிடுங்காமல் விட்டால் சில வாரத்தில் புது இலை விடும். பண்ணையில் இலை தண்ணீருக்கு மேலே இருக்கும்படி வளர்த்த செடிகளும் இப்படித்தான், பழைய இலையை உதிர்த்துவிட்டுத் தண்ணீருக்கு ஏற்ற புது இலையைப் போடும். இதைக் கடைக்காரர் குற்றம் என்று சொல்ல முடியாது.

அழுகியவை லக்கி பாம்பூ, டிராசீனா, சிங்கோனியம் வகை என்றால் கதை வேறு. அவை தரைச் செடிகள். வேர் மட்டும் தண்ணீரில் நின்றால் வாழும், முழுசாக மூழ்கினால் சில வாரத்தில் அழுகும். வாங்கும்போது தண்டைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பாருங்கள். நீர்ச்செடிகளில் பெரும்பாலானவை ஈரத்துணி மாதிரி தொய்ந்து விழும். மெழுகு பூசிய மாதிரி இலையோடு விறைப்பாக நின்றால் சந்தேகப்படுங்கள். அனுபியாஸ் ஒரு விதிவிலக்கு, அது நீரில் வாழும் செடிதான், ஆனாலும் விறைப்பாக நிற்கும்.

தரைச் செடியை நீர்ச்செடி என்று சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. பில் தர மறுப்பதும் அதே பட்டியலில் வருகிறது. குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பலகை மாட்டிவிட்டால் இந்தப் பொறுப்பு போய்விடாது. செடியைப் போட்டோ எடுத்து, பில்லோடு போய்ப் பொறுமையாகப் பேசுங்கள். ஒத்துவரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். நூறு ரூபாய்ச் செடிக்கு அதுவரை போக வேண்டுமா என்பது உங்கள் முடிவு. நானாக இருந்தால் 1915-ல் பதிவு செய்துவிட்டு, அடுத்த முறை வேறு கடைக்குப் போவேன்.

அழுகிய இடத்தில் நட நீர்ப்பிரமி நல்ல செடி. பிரமி என்று மூலிகைப் பண்ணைகளில் கிடைப்பதுதான். தண்டை வெட்டி நட்டால் தண்ணீருக்குள்ளும் மெதுவாக, நிமிர்ந்து வளரும். வெயில் விழும் ஜன்னல் பக்கம் என் தொட்டியில் அதுதான் நிற்கிறது. பதினொரு மணி வெளிச்சத்தில் அதன் இலை ஓரங்களில் குண்டூசித் தலை அளவு ஆக்சிஜன் முத்துகள் கோத்து நிற்கும். வேலையை விட்டுவிட்டு நின்று பார்க்கத் தோன்றும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மீன்களில் பாதி செத்து வந்தன. புகார் செய்து பத்து நாள் ஆகியும் பதில் இல்லை.
– வாசகி, சேலம்

பதில்: 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் விற்பனைத் தளம் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு எழுதுங்கள், கூடவே 1915-லும் பதிவு செய்யுங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்று விற்பவர் முன்பே நிபந்தனை போட்டிருந்தால், அந்த வீடியோ கையில் இருப்பது நல்லது. முகவரியே இல்லாத வாட்ஸ்அப் விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால் பிடிப்பது கஷ்டம்.

என் அபிப்பிராயம்: செடியைத் தபாலில் வாங்குங்கள், மீனை வாங்காதீர்கள். இரண்டு நாள் பையில் கிடந்து செத்த உயிருக்குப் பணம் திரும்பி வந்தால் ஈடாகிவிடாது. கடைக்கு நேரில் போய், மீன் தீவனம் தின்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து வருகிறது. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் நல்லதா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: வெறும் ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம். செடிக்கும் மீனுக்கும் தேவையான கால்சியம், மக்னீசியம் அதில் அநேகமாக இல்லாமல் போய்விடுகிறது. போர் தண்ணீர் ரொம்பக் கடினமாக இருந்தால் பாதிக்குப் பாதி கலக்கலாம். வாலிஸ்நேரியா செடியும் கப்பி மீனும் கடினத் தண்ணீரில் நன்றாகவே வாழும்.

குளோரின்தான் முக்கியம். எங்கள் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது. திங்கள் காலை வழக்கம்போல ஒரு வாளி தண்ணீரைக் குழாயிலிருந்து பிடித்து மாற்றினேன். சாயங்காலம் ஜீப்ரா டேனியோக்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நாலு செத்துப்போயின. அன்றிலிருந்து தொட்டி பக்கத்தில் மூடாத வாளியில் ஒரு நாள் முழுக்க வைத்த தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன், அதையும் முகர்ந்து பார்த்துவிட்டு. அவசரத்துக்கு ஆன்டி-குளோரின் ஒரு பாட்டில் இருக்கட்டும். வாங்கும்போது தயாரித்தவர் முகவரி, அளவு, மாதம், அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள்.

கேள்வி: 'இந்தியன் ஆல்மண்ட் லீஃப்' என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, வாங்கலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: அது நம் தெருவில் விழும் நாட்டு வாதுமை இலைதான், பாதாம் மரம் என்பார்களே, அதே மரம். தானாகப் பழுத்து உதிர்ந்து காய்ந்த இலையாக, மருந்து அடிக்காத மரத்தடியில் பொறுக்கிக் கழுவிப் போடுங்கள். இரண்டடித் தொட்டிக்கு ஒரு இலை. தண்ணீர் லேசாகப் பழுப்பாகும், அது நல்லதுதான்.

கேள்வி: பாசியைத் தின்ன சக்கர் மீனும், மகள் ஆசைப்படும் மிஸ் கேரளாவும் வாங்கலாமா? தொட்டி இரண்டடி.
– வாசகர், மதுரை

பதில்: இரண்டுமே வேண்டாம். கடையில் விரல் நீளம் இருக்கும் சக்கர், ஓரடிக்கு மேல் வளரும். தின்பதைவிடக் கழிவுதான் அதிகம் போடும். மிஸ் கேரளா மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் மீன், அழியும் ஆபத்தில் உள்ளவை பட்டியலில் இருக்கிறது. கூட்டமாக நீந்த அதற்கு நீளமான தொட்டி வேண்டும். மகளுக்கு ஜீப்ரா டேனியோ ஆறு காட்டுங்கள், சுறுசுறுப்பாக ஓடும். கப்பி என்றால் ஆண் மட்டும் வாங்குங்கள், இல்லாவிட்டால் நாலு மாதத்தில் தொட்டி நிறைந்துவிடும். பாசிக்கு, செடியோடு தானாக வந்து சேரும் சின்ன நத்தைகளே போதும். நத்தைக் கொல்லி மருந்து விற்க வந்தால் வாங்காதீர்கள். நத்தை அதிகமானால் இரவில் ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு, காலையில் நத்தையோடு எடுத்துவிடலாம்.

ஏற்கனவே சக்கர் வாங்கியிருந்தால் கண்மாயிலோ வைகையிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். நம் ஊர் மீன்களுக்கு அது பெரிய கேடு. வாங்கிய கடையிலேயே திரும்பக் கொடுங்கள். பணம் தராவிட்டாலும் பெரும்பாலும் மீனை வாங்கிக்கொள்வார்கள்.