கடையில் துப்பாக்கி இருந்தால் கொள்ளையைத் தடுத்துவிடலாமா?

கேள்வி: நான் அடகுக் கடை நடத்துகிறேன். மூன்று வாரத்துக்கு முன் பக்கத்துக் கடைக்குள் இரண்டு பேர் அரிவாளோடு புகுந்தார்கள். கடைக்காரரைத் தோளில் வெட்டிவிட்டு, கல்லாவில் இருந்த பணத்தை அள்ளிக்கொண்டு பைக்கில் போய்விட்டார்கள். பத்தடி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து தூக்கமே இல்லை. என்னிடம் துப்பாக்கி இருந்திருந்தால் அவருக்கு வெட்டு விழுந்திருக்காது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. லைசென்ஸ் கேட்கலாமா? அடுத்தவரைக் காப்பாற்ற நான் சுட்டால் சட்டம் ஏற்குமா? தப்பி ஓடுகிறவனைச் சுடலாமா? லைசென்ஸ் எல்லாம் நாளாகும், நானே ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு நண்பர்.

பதில்: நண்பர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை வைத்திருப்பதற்கே, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. தடை செய்யப்பட்ட ரகமாக இருந்தால் 7 ஆண்டில் தொடங்கி 14 ஆண்டு வரை போகும். நாளை அதே துப்பாக்கியால் நீங்கள் ஓர் உயிரைக் காப்பாற்றினாலும் அந்தக் குற்றம் தனியாக நிற்கும்.

சரி, உங்கள் உரிமைக்கு வருவோம். பலர் நினைப்பதைவிட அது பெரியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையைச் சொல்கின்றன. 35ஆம் பிரிவு உங்கள் உடலையும் பொருளையும் மட்டுமல்ல, மற்றவருடைய உடலையும் பொருளையும் காக்கும் உரிமையையும் தருகிறது. அவர் உங்கள் சொந்தக்காரராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும்படி ஒருவன் தாக்கினால், அவன் உயிரே போகும் அளவுக்குத் தடுக்கலாம் என்கிறது 38ஆம் பிரிவு. கொள்ளை நடக்கும்போதும், சூரியன் மறைந்த பிறகு பூட்டை உடைத்து உள்ளே நுழையும்போதும் அதே அளவு உரிமையை 41ஆம் பிரிவு தருகிறது. ஆகவே அன்று அரிவாள் ஓங்கிய அந்த நொடியில், லைசென்ஸ் உள்ள துப்பாக்கியால் நீங்கள் சுட்டிருந்தால் சட்டம் உங்கள் பக்கம்தான் நின்றிருக்கும்.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 1950 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரில் கலவரம். ஒரு கும்பல் அம்ஜத் கான் என்ற கடைக்காரரின் கட்டடத்துக்கு வந்து, ஒட்டியிருந்த அவருடைய சகோதரரின் கடையைச் சூறையாடிவிட்டு, இவருடைய கதவைத் தடியால் அடிக்கத் தொடங்கியது. குடும்பம் உள்ளே இருந்தது. அவர் சுட்டதில் ஒருவர் இறந்தார், சிலர் காயப்பட்டார்கள். குற்றவாளி எனத் தீர்ப்பானவரை 1952இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. கதவு உடையும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை, இப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் செய்ததைத் தட்டான் தராசில் வைத்து நிறுக்கக்கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். நீதிமன்றங்கள் இன்றும் அதைத்தான் பின்பற்றுகின்றன.

இந்த உரிமை எப்போது தொடங்குகிறது என்பதைப் போலவே எப்போது முடிகிறது என்பதும் முக்கியம். வழக்கில் சிக்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கொள்ளையில், உடனடிச் சாவு, உடனடிக் காயம், உடனடியாகத் தடுத்து வைக்கப்படுவது என்ற அச்சம் நீடிக்கும் வரைதான் உரிமை நீடிக்கும் என்கிறது 43ஆம் பிரிவு. பைக் கிளம்பி, அவர்கள் முதுகு உங்களுக்குத் தெரிகிறது என்றால் அந்த அச்சம் போய்விட்டது. அப்போது சுட்டு ஒருவன் செத்தால், உங்கள் பேரில் கொலை வழக்கு. நல்லெண்ணத்தோடு, முன்திட்டம் இல்லாமல் தற்காப்பின் எல்லையைக் கொஞ்சம் தாண்டிவிட்டேன் என்று வாதாடி ஜெயித்தாலும், அது கொலையாகாத மரணம் விளைத்தல் என்று 105ஆம் பிரிவுக்கு இறங்குமே தவிர, விடுதலை ஆகாது. அவ்வளவு ரத்தத்தைப் பார்த்தவருக்கு ஆத்திரம் வரத்தான் செய்யும், எனக்கும் புரிகிறது. ஆனால் சட்டம் அந்த ஆத்திரத்துக்கு உரிமை தரவில்லை. ஓடுகிறவனை மடக்கிப் பிடிக்கலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு, கண் முன்னே ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் செய்தவனைப் பிடிக்கும் அதிகாரத்தை யாருக்கும் தருகிறது. தேவையில்லாத தாமதமின்றி, அதிகம் போனால் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

துப்பாக்கி இருந்திருந்தால் தடுத்திருப்பேனா என்பதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி. சட்டப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. பொதுமக்கள் கையில் ஏராளமாகத் துப்பாக்கி இருக்கும் அமெரிக்காவில் பார்க்கலாம். 2000 முதல் 2013 வரை அங்கே மக்கள் கூடும் இடங்களில் நடந்த 160 துப்பாக்கித் தாக்குதல்களை அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஆராய்ந்தது. போலீஸ் அல்லாத, ஆயுதம் வைத்திருந்தவர்கள் திருப்பிச் சுட்டதால் முடிவுக்கு வந்தவை 5. கையில் ஆயுதமே இல்லாதவர்கள் பாய்ந்து அமுக்கியதால் முடிந்தவை 21. முடியவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 2022இல் இண்டியானாவில் ஒரு வணிக வளாகத்தில் சுடத் தொடங்கியவனை, அங்கிருந்த 22 வயது இளைஞர் ஒருவர் தன் துப்பாக்கியால் சில நொடிகளில் வீழ்த்தினார். அதற்கு முந்தைய ஆண்டு கொலராடோவின் அர்வாடாவில் நடந்ததையும் பாருங்கள். போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றவனைப் பொதுஜனம் ஒருவர் துணிந்து சுட்டு வீழ்த்தினார். அப்புறம் வந்து சேர்ந்த போலீஸ், கையில் துப்பாக்கியோடு நின்ற அவரையே தாக்குதல்காரன் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றது. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அவர் மேல் ஒரு தவறும் இல்லை.

உங்கள் பக்கத்துக் கடையில் அன்று எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? வெட்டு விழும் முன்னால் உங்கள் கடைப் பெட்டகத்தைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, கடைக்காரருக்கும் வெட்டியவனுக்கும் நடுவே குறி வைத்து... அரிவாள் அவ்வளவு நேரம் காத்திருக்காது. குறி தவறி அவர் மேலோ வழியில் போன ஒருவர் மேலோ குண்டு பட்டால்? உயிருக்கு ஆபத்தான தாக்குதலைத் தடுக்கும்போது வேறு வழியே இல்லையென்றால், நிரபராதிக்கு ஆபத்து வரும் என்றாலும் துணியலாம் என்று நியாய சன்ஹிதாவின் 44ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த நிரபராதி இறந்து, அதற்கு உங்கள் அலட்சியம்தான் காரணம் என்று நீதிமன்றம் முடிவு செய்தால் 106ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை.

நியாயமாகச் சுட்டால் வழக்கே வராது என்றும் நம்பிவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாகும், துப்பாக்கியைக் கைப்பற்றுவார்கள், கைதும் ஆகலாம். தற்காப்பு என்பதைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. அரசுத் தரப்பைப் போல ஐயமறக் காட்ட வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதற்கும் பல ஆண்டு கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் லைசென்ஸ் வேண்டும் என்றால் தாராளமாக விண்ணப்பியுங்கள். மாவட்ட ஆட்சியரிடம், மாநகரமாக இருந்தால் காவல் ஆணையரிடம் மனு போக வேண்டும். போலீஸ் அறிக்கை கேட்பார்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் தேவை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், ஆயுதச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. பக்கத்துக் கடைச் சம்பவத்தின் எஃப்ஐஆர் நகலை மனுவோடு இணையுங்கள். லைசென்ஸ் கிடைப்பதற்குள் இரும்புக் கதவு, உள்ளிருந்து அழுத்தினால் தெருவே அலறும் சைரன், 112 எண், இவற்றைப் பாருங்கள். உங்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இவைதான்.

இன்னொன்று. பத்தடி தூரத்தில் நின்றீர்கள் என்றால் நீங்கள்தான் நேரில் பார்த்த சாட்சி. போலீசிடம் வாக்குமூலம் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லை என்றால் மறதி கூடுவதற்குள் போய்க் கொடுங்கள், முகம், பேச்சு, பைக்கின் நிறம் எல்லாவற்றையும். அவர்களைச் சிறைக்கு அனுப்பப் போவது அதுதான். பழிவாங்குவார்களோ என்ற பயம் இருந்தால், 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுக்கலாம். வெட்டுப்பட்டவரை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். குற்றவாளி பிடிபடாவிட்டாலும் பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டுக்கு அவர் அங்கே மனு கொடுக்க முடியும்.