தற்செயலைக் கணினியில் ஓட்டிப் பார்த்தல்

கேள்வி: ஒரே தாய்ச் செல்லிலிருந்து பிரிந்த இரு சேய்ச் செல்கள், மரபணுக்கள் ஒன்றாக இருந்தும், வேறுபட்டு நடந்துகொள்வதற்குத் தற்செயலும் ஒரு காரணம் என்கிறார்கள். தற்செயலாக நடப்பதைக் கணினியால் எப்படிக் கணிக்க முடியும்?

பதில்: குறிப்பிட்ட ஒரு செல்லுக்கு என்ன நேரும் என்பதைக் கணினி கணிப்பதில்லை. ஒரே நிலையில் தொடங்கும் ஆயிரக்கணக்கான செல்கள் காலப்போக்கில் எந்த அளவுக்கு வேறுபட்டுப் போகும் என்பதையே அது சொல்கிறது; ஆய்வாளருக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

தாய்ச் செல்லில் ஒரு புரதத்தின் மூலக்கூறுகள் 10,000 இருந்து, பிரியும்போது ஒவ்வொன்றும் நாணயம் சுண்டியதுபோல் ஏதேனும் ஒரு பக்கம் சேர்வதாகக் கொண்டால், ஒரு சேய்க்குச் சராசரியாக 5,000 கிடைக்கும். அதில் ஏற்ற இறக்கம் சுமார் 50, அதாவது 1 விழுக்காடுதான். இருப்பதே 10 என்றால் சராசரி 5, ஏற்ற இறக்கமோ ஏறத்தாழ 1.6; மேலும், 512 பிரிவுகளுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு சேய்க்கு எதுவுமே கிடைக்காது. இது வெறும் கற்பனைக் கணக்கன்று. ஈ.கோலை பாக்டீரியாவில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் மரபணுக்களை அடக்கிவைக்கும் புரதம் ஒரு செல்லில் பத்து என்ற அளவில்தான் இருக்கிறது. சராசரியை மட்டும் தரும் சமன்பாடுகள் இத்தகைய இடத்தில் உதவுவதில்லை.

இதற்கு இயற்பியலாளர் டேனியல் கில்லெஸ்பி 1976, 1977 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட வழிமுறை இன்றும் அடிப்படையாக உள்ளது. ஒவ்வொரு படியிலும் கணினி இரண்டு சமவாய்ப்பு எண்களை எடுக்கிறது: அடுத்த வேதிவினை எப்போது நிகழும் என்பதை ஒன்றும், எந்த வினை நிகழும் என்பதை மற்றொன்றும் தீர்மானிக்கின்றன. செல் பிரியும் நேரம் வந்ததும் மூலக்கூறுகளைச் சேய்களுக்குப் பங்கிட்டுவிட்டு, ஓட்டத்தைத் தொடர்கிறோம். பல்லாயிரம் முறை ஓட்டினால் கிடைக்கும் பரவலை (எத்தனை செல்களில் எத்தனை மூலக்கூறுகள் என்பதை), நுண்ணோக்கியில் அளந்த பரவலோடு ஒப்பிடலாம்.

ஆனால் இரண்டும் பொருந்திவிட்டால் மட்டும் போதாது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பங்கீட்டில் எழும் வேறுபாடு, மரபணு இயங்கும் விதத்தில் எழும் வேறுபாட்டைப் போலவே தோன்றக்கூடும் என்று டான் ஹூ, யோஹான் பால்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2011 இல் காட்டினர். ஆகவே, மொத்தக் கூட்டத்தை ஒருமுறை அளப்பதோடு நில்லாமல், சேய்களைப் பிரிந்த கணத்திலிருந்தே இணை இணையாகப் பின்தொடர வேண்டும்: பங்கீட்டால் வரும் வேறுபாடு உடனே தெரிந்துவிடும், மரபணு இயக்கத்தால் வருவது பின்னர் சிறிதுசிறிதாகச் சேரும்.